புற்றுநோய் வலிக்கான மாத்திரைகள்: அச்சமும் அலட்சியமும்

எங்கள் மருத்துவ உதவிக் குழுவினர் மாதம் இருமுறை நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று வருவதை வாசகர்கள் அறிவீர்கள். அப்படிச் சென்றபோது ஒரே தெருவில், நான்கு வீடுகள் தள்ளி, இரண்டு குடும்பங்களைச் சந்தித்தோம். இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது அன்றுதான்.

முதல் வீட்டில் எழுபதை நெருங்கிய ஒரு பெரியவர். வாயில் புற்று. தாடை வரை பரவிவிட்டது, இனி அறுவை செய்து பயனில்லை, வலியைக் குறைத்து நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி, நான்கு மணிக்கு ஒருமுறை கொடுக்க மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்திருந்தார்கள். நாங்கள் போனபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தலையணை உறையின் ஓரம் கடித்துக் கடித்துக் கிழிந்திருந்தது. மாத்திரை எங்கே என்று கேட்டோம். மூத்த மகன் பீரோவைத் திறந்து காட்டினார். ஒரு மாதத்துக்குக் கொடுத்ததில் முக்கால்வாசி அப்படியே இருந்தது. "ராத்திரி அத்தா ரொம்ப முனங்கினா மட்டும் ஒண்ணு குடுப்பேன் பாய். இது அபின் மாத்திரையாமே. பழகிட்டா விடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றார். பாசமுள்ள பிள்ளைதான். தகப்பனார் போதைக்கு அடிமையாகி மவுத்தாகிவிடக் கூடாது என்பது அவருடைய கவலை.

இரண்டாவது வீட்டில் நாற்பதைத் தாண்டிய ஒரு சகோதரி. மார்பகப் புற்றுக்கு அறுவை, கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நோய் முற்றிலும் நீங்கிவிட்டது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நாங்கள் சந்திப்பதற்கு இரண்டு வாரம் முன்பு சமையற்கட்டில் நின்றிருந்தவருக்குத் திடீரென்று வலிப்பு வந்து விழுந்திருக்கிறார். நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று வீடே அழுதிருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையில் ஒன்றுமில்லை. அங்கிருந்த இளம் மருத்துவர் ஒருவர்தான், "அம்மா, நீங்க தினமும் என்னென்ன மாத்திரை போடுறீங்க, எத்தனை போடுறீங்க?" என்று விடாமல் கேட்டிருக்கிறார். அறுவை முடிந்த புதிதில் வலிக்கென்று கொடுத்த டிரமடால் மாத்திரையை, ஐம்பது மில்லிகிராம் அளவில், அவர் நாளொன்றுக்குப் பத்து, பன்னிரண்டு என்று போட்டுக்கொண்டிருந்தார். நாளொன்றுக்கு நானூறு மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாத மருந்து அது. எல்லை தாண்டினால் வலிப்பு வரும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

எங்களுக்கும் தெரியவில்லை. அந்த மாத்திரைகளுக்கான பில்லில் ஒரு பகுதியை இரண்டு ஆண்டுகளாக நாங்கள்தான் கொடுத்து வந்தோம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

மருந்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்றவுடன் நமக்கு இரண்டாவது வீடுதான் நினைவுக்கு வரும். முதல் வீட்டில் நடந்ததும் அதுதான் என்பது எங்கள் கருத்து. எழுதிக் கொடுத்த மருந்தை எழுதிக் கொடுத்தபடி கொடுக்காமல் விடுவதும் தவறான பயன்பாடே. நம் ஊர்களில் முதல் வகைதான் அதிகம்.

மருந்தைத் தெரிந்துகொள்வோம்

கசகசாச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். அதிலிருந்து பிரித்தெடுப்பது மார்ஃபின். கோடீனும் அதே பாலில் இருப்பதுதான். டிரமடால், டேபன்டடால், ஃபென்டனில் முதலியவை தொழிற்சாலையில் செய்யப்படுபவை. ஆனாலும் உடலில் அதே பூட்டைத்தான் திறக்கின்றன. நம் மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியைத் தணிக்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இந்த மருந்துகள் அவற்றில் போய் அமர்ந்துகொண்டு, மேலே ஏறும் வலிச் செய்தியைக் குறைத்துவிடுகின்றன. அதே ஏற்பிகள் மூச்சு விடுவதைக் கட்டுப்படுத்தும் இடத்திலும், குடலிலும், மனதுக்கு இதம் தரும் இடத்திலும் இருக்கின்றன. நன்மையும் ஆபத்தும் ஒரே இடத்திலிருந்து வருவதற்குக் காரணம் இதுதான்.

1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி கொண்ட ஓர் ஏணியை வகுத்துக் கொடுத்தது. லேசான வலிக்குப் பாராசிட்டமால் போன்றவை. நடுத்தர வலிக்கு கோடீன், டிரமடால் போன்ற வீரியம் குறைந்த அபின் வகை மருந்துகள். கடும் வலிக்கு மார்ஃபின். அதோடு அது வலியுறுத்திய இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. முடிந்தவரை வாய்வழியாகக் கொடுக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், நோயாளியின் அழுகையைப் பார்த்து அல்ல.

இந்த இரண்டாவது விஷயம்தான் வீடுகளில் புரிவதில்லை. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த மாத்திரை நேரத்துக்கு உள்ளே போனால் வலி தலைதூக்காது, குறைந்த அளவே போதும். வலி முழுதாகத் திரும்பி வந்து, நோயாளி துடித்து, கெஞ்சி, அதன்பிறகு கொடுத்தால் அந்த வலியை அடக்க அதே மாத்திரை போதாது. கெஞ்சினால்தான் மாத்திரை கிடைக்கும் என்றாகிவிட்ட நோயாளி நாள் முழுவதும் மாத்திரையைப் பற்றியே நினைப்பார், நேரம் கேட்டுக்கொண்டே இருப்பார். பார்ப்பவர்கள், "பார்த்தீங்களா, அடிமையாயிட்டார்" என்பார்கள். வலி சரியாகத் தணிக்கப்படாததால் வரும் நடத்தை அது. வலி அடங்கினால் அதுவும் அடங்கிவிடும். 1989இல் அமெரிக்க மருத்துவர்கள் இருவர், இரத்தப் புற்று இருந்த ஒரு பதினேழு வயதுப் பையனிடம் இதைக் கவனித்து, போலி அடிமைத்தனம் என்று பெயரிட்டு எழுதினார்கள். அந்தப் பெயரைப் பின்னால் மருந்துக் கம்பெனிகள் தங்கள் விற்பனைக்கு வளைத்துக்கொண்டது வேறு கதை. ஆனால் எங்கள் பெரியவர் விஷயத்தில் அது அப்படியே பொருந்தியது.

இன்னும் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, நாள்பட்ட உபயோகத்தில் உடல் மருந்துக்குப் பழகி, அதே பலனுக்குச் சற்றுக் கூடுதல் அளவு தேவைப்படுவது. இரண்டாவது, மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால் உடல் நடுங்குவது, வியர்ப்பது, வயிற்றால் போவது, தூக்கம் வராமல் தவிப்பது. இவை இரண்டும் சில வாரங்கள் மார்ஃபின் எடுக்கும் எவருக்கும் வரக்கூடியவை. இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளையும் ஸ்டீராய்டையும்கூடத் திடீரென்று நிறுத்தக் கூடாதுதானே, அதுபோல. மூன்றாவதுதான் அடிமைத்தனம்: வலிக்காக அல்லாமல் வேறு தேவைக்காக மருந்தைத் தேடுவது, கெடுதல் என்று கண்ணால் பார்த்த பிறகும் நிறுத்த முடியாமல் போவது, பொய் சொல்லியாவது வாங்குவது. இது மற்ற இரண்டைப் போல எல்லோருக்கும் வருவதில்லை. வரவே வராது என்பதும் இல்லை. அப்படிச் சொல்லித்தான் ஒரு பெரிய நாடே ஏமாந்தது.

அமெரிக்காவில் நடந்தது

1980இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் ஆசிரியருக்குக் கடிதம் என்ற பகுதியில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு குறிப்பு வந்தது. மருத்துவமனையில் படுத்திருந்து இந்த வகை மருந்து பெற்றவர்களில் மிகச் சிலரே அடிமையானார்கள் என்பது அதன் சாரம். மருத்துவமனைக் கட்டிலில், செவிலியர் கையால், சில நாட்கள் மருந்து வாங்கியவர்களைப் பற்றிய குறிப்பு அது. வீட்டுக்கு எடுத்துப்போய் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்து வந்த ஆண்டுகளில் அந்தக் கடிதத்தை நூற்றுக்கணக்கான கட்டுரைகள் ஆதாரமாகக் காட்டின. 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரை சந்தைக்கு வந்தபோது, முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும்கூட அது தாராளமாக எழுதப்பட்டது. மருந்தின் ஆபத்தைக் குறைத்துச் சொல்லி விற்றதாக அதைத் தயாரித்த பர்டியூ பார்மா 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பெருந்தொகை அபராதம் கட்டியது. 2020இல் வேறு குற்றங்களையும் ஒப்புக்கொண்டது.

புற்றுநோயாளிகளின் பெயரைச் சொல்லி நடந்த மோசடியும் உண்டு. ஃபென்டனில் மருந்தை நாக்குக்கு அடியில் தெளிக்கும் சப்ஸிஸ் என்ற தெளிப்பான் 2012இல் அங்கே அனுமதி பெற்றது. ஏற்கெனவே வீரிய மருந்து எடுத்துவரும் புற்றுநோயாளிக்குத் திடீரென்று குத்தும் வலிக்கு மட்டுமே அந்த அனுமதி. அதைத் தயாரித்த இன்சிஸ் நிறுவனம், சொற்பொழிவுக்குக் கட்டணம் என்ற பெயரில் மருத்துவர்களுக்குப் பணம் கொடுத்து, புற்றுநோயே இல்லாதவர்களுக்கும் அதை எழுத வைத்தது. நிறுவனத்தின் ஆட்களே மருத்துவர் அலுவலகத்திலிருந்து பேசுவதுபோலக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போன் செய்து, நோயாளிக்குப் புற்றுநோய் என்று பொய் சொன்னார்கள். அதன் நிறுவனர் ஜான் கபூர் அமிர்தசரஸில் பிறந்தவர். 2019இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2020 ஜனவரியில் அவருக்கு ஐந்தரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதன் எதிர்வினை எங்கே விழுந்தது தெரியுமா? உண்மையான புற்றுநோயாளிகள் தலையில்தான். 2016இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த மருந்துகளைக் குறைத்து எழுதும்படி வழிகாட்டியது. சிகிச்சையில் இருக்கும் புற்றுநோயாளிகளுக்கும் கடைசிக் காலத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. இருந்தும் மருத்துவர்கள் பயந்தார்கள், காப்பீட்டு நிறுவனங்கள் மறுத்தன. புற்றுநோயாளிகளுக்கு மருந்தை மறுக்கச் சொல்லவில்லை என்று 2019இல் அந்த மையம் மறுபடியும் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டுக் கதை வேறு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு கசகசா பயிரிடப்படுகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. வெளிநாடுகளுக்கு அனுப்புகிறோம். ஆனால் 2017இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் கணக்குப்படி, வலியில் துடிக்கும் இந்திய நோயாளிகளுக்குத் தேவையான அளவில் ஏறத்தாழ நான்கு சதவீதம்தான் இங்கே கிடைத்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்கப் பல அலுவலகங்களில் பல உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். வம்பு வேண்டாம் என்று பல மருத்துவமனைகள் வாங்குவதையே விட்டுவிட்டன. ஒரு தலைமுறை மருத்துவர்கள் மார்ஃபின் எழுதிப் பழகாமலே வளர்ந்தார்கள். கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம்தான், ஊர் மக்களையே தொண்டர்களாக்கி, மார்ஃபினை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒழுங்காகக் கொடுக்க முடியும், அதனால் ஊர் கெட்டுப்போகாது என்று காட்டியது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைக்கு ஒரே இடத்து அனுமதி போதும் என்றானது.

மார்ஃபின் கிடைக்காத காலத்தில் கிடைத்ததைக் கொண்டு சமாளித்த பழக்கம் இன்னும் போகவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒவ்வொரு இரவும் கம்பவுண்டர் வந்து பென்டசோசின் ஊசி போட்டுவிட்டுப் போவார். ஊசிக்கு இவ்வளவு, வந்து போவதற்கு இவ்வளவு. நாட்பட்ட புற்றுவலிக்கு ஏற்ற மருந்தல்ல அது. ஓர் அளவுக்கு மேல் ஏற்றினாலும் வலி குறையாது. தொடர்ந்து போட்ட இடத்தில் தோலும் தசையும் மரக்கட்டையாக இறுகிவிடும். மார்ஃபின் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இதைப் போட்டால் மார்ஃபினின் வேலையையே தட்டிவிட்டு நடுக்கத்தையும் வலியையும் கிளப்பிவிடும். அந்த நோயாளியின் இரு தொடைகளிலும் ஊசி இறங்க இடமில்லாமல் போன பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. மாத்திரைக்குப் பயந்த அந்தக் குடும்பம் ஊசிக்குப் பயப்படவில்லை. ஊசி என்றால் வைத்தியம் என்று ஒரு நம்பிக்கை நமக்கு.

உண்மையான பழக்கம் எப்படித் தொடங்குகிறது

இரண்டாவது வீட்டுச் சகோதரியிடம் எங்கள் குழுவில் உள்ள பெண்கள் பலமுறை உட்கார்ந்து பேசினார்கள். அவர் சொன்னது இதுதான். "வலி போய் ரொம்ப நாளாச்சு ராத்தா. ஆனா அந்த மாத்திரை போட்டா மனசு லேசாகுது. மறுபடி வந்துடுமோங்கிற பயம் இருக்காது. தூக்கம் வரும். போடலன்னா உடம்பெல்லாம் பிச்சு எடுக்குது." சிகிச்சை நடந்த காலத்தில் வீடே அவரைச் சுற்றி நின்றது. சிகிச்சை முடிந்ததும், "அதான் நல்லாயிட்டியே" என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். இழந்த மார்பைப் பற்றி அவர் ஒருவரிடமும் பேசியதில்லை. கணவரிடமும் இல்லை. உடல் வலிக்கென்று வந்த மாத்திரை மன வலிக்கு மருந்தாகிவிட்டது. புற்றுநோயாளிகளிடம் இது தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு வகை என்று வலி நிவாரண மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். இவர்களுக்கு மாத்திரையைப் பிடுங்கினால் மட்டும் போதாது. பயத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிகிச்சை வேண்டும்.

அவருக்கு மாத்திரை எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். டிரமடாலை 2018இலேயே அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டது. பழைய மருந்துச் சீட்டை நகலெடுத்து மூன்று கடைகளில் மாற்றி மாற்றி வாங்கியிருக்கிறார். வேறு ஊர் மருத்துவர் ஒருவரிடம் தனியாக ஒரு சீட்டு. கடைக்காரர்களும் கெட்டவர்கள் அல்லர். கேன்சர் பட்ட பொம்பளைப்பிள்ளை, பாவம் என்று கொடுத்திருக்கிறார்கள்.

யாருக்கு இந்த ஆபத்து அதிகம்? முன்பே குடி, புகை, போதைப் பாக்குப் பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் அப்படிப் பழக்கம் உள்ளவர்கள், மனச்சோர்வோ பதற்றமோ உள்ளவர்கள், இளம் வயதினர். இதில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். வாய், தொண்டைப் புற்று வருபவர்களில் பலர் புகையிலையும் குடியும் பழகியவர்கள். நம் சமுதாயத்தில் குடிப்பழக்கம் இல்லை என்று நாம் வெளியே சொல்லிக்கொள்கிறோம். மருத்துவர் கேட்டால் நோயாளியின் மனைவியும் மகனும் ஒரே குரலில் "அதெல்லாம் கிடையாது டாக்டர்" என்கிறார்கள். மானம் காப்பாற்றப்படுகிறது, ஆனால் ஆபத்து நோயாளிக்கு. குடியும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். பழக்கம் இருப்பது தெரிந்தால் மருத்துவர் மருந்தை மறுக்கமாட்டார். மாதத்துக்குப் பதில் வாரத்துக்கு மட்டும் கொடுப்பார், அடிக்கடி வரச் சொல்வார், மாத்திரையை வேறொருவர் பொறுப்பில் வைக்கச் சொல்வார். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். தேவையானால் தனியாகச் சென்று சொல்லுங்கள்.

மாதக் கடைசிக்கு முன்பே மாத்திரை தீர்ந்துபோவது, அடிக்கடி "தொலைந்துபோவது", இரண்டு மருத்துவர்களிடம் ஒரே மருந்து வாங்குவது, வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் மாத்திரையின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பது, தூக்கம் வராவிட்டாலும் சண்டை வந்தாலும் அதையே போடுவது: இவை கண்டால் வீட்டில் சத்தம் போடாமல் மருத்துவரிடம் பேசுங்கள். ஆனால் ஒரே ஒருமுறை கூடுதலாகக் கேட்டாலே சந்தேகப்படவும் வேண்டாம். நோய் முற்றினாலும் வலி கூடும். எலும்புக்குப் பரவியிருந்தால் வலி வேறு விதமாக இருக்கும். அது எது என்று தீர்மானிப்பது நம் வேலையல்ல.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஒரு மருத்துவர், ஒரு கடை, ஒரு நோட்டு. எந்த நேரம் எத்தனை மாத்திரை என்று நோட்டில் குறியுங்கள். மாத்திரையைப் பூட்டி வைப்பது நல்லதுதான். ஆனால் சாவி வைத்திருப்பவர் நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பவராக இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் மார்ஃபின் மாத்திரையைப் பொடித்தோ மென்றோ சாப்பிடக் கூடாது. அரை நாளுக்கான மருந்து ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாத நோயாளி என்றால் மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மார்ஃபின் எடுக்கும் ஏறத்தாழ எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வேண்டும். இதைச் சொல்லாததால் ஒரு வாரம் கழித்து வயிறு உப்பி, "மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள். குமட்டலும் தூக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் குறைந்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபின் உடலில் தேங்கும் என்பதால் மருத்துவர் அளவை மாற்றுவார்.

தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. சூட்டில் மருந்து வேகமாக இறங்கும். கழற்றிய பட்டையிலும் ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கப் போதுமான மருந்து மீதி இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தை கைபடாமல் அப்புறப்படுத்துங்கள். டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரைகளை அளவு மீறிப் போட்டால் கல்லீரல் கெடும். மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் டிரமடால் எழுதும் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். தூக்க மாத்திரையை நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

நோயாளியை எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக, விட்டு விட்டு வருகிறது, கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் உடனே 108ஐ அழைத்து, என்ன மருந்து, எத்தனை என்பதைச் சொல்லுங்கள். நாலோக்சோன் என்ற மாற்று மருந்து மருத்துவமனையில் இருக்கும். அதுபோல, நாள்பட எடுத்து வந்த மருந்தை ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

ஹராமா என்ற கேள்வி எங்கு போனாலும் வருகிறது. எங்கள் பள்ளியின் ஹஜ்ரத்திடம் கேட்டோம். போதைக்காக உட்கொள்வது வேறு, தகுதியான மருத்துவர் நோயைப் பார்த்து அளந்து கொடுக்கும் சிகிச்சை வேறு என்றார். நிர்ப்பந்தம் உள்ளவருக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை நினைவூட்டினார். வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு நன்மை உண்டு, ஆனால் அடுத்தவர் வலியை அவருக்காகப் பொறுத்துக்கொள்ள நமக்கு யார் உரிமை தந்தது என்றும் கேட்டார். இதைப் பெரியவரின் மகன் முன்னால்தான் கேட்டார். ரமளானில் நோன்பு பிடிக்க ஆசைப்பட்டுப் பகல் மாத்திரையைத் தவிர்த்துவிட்டு, மஃக்ரிபுக்குப் பிறகு இரண்டு மூன்றாகச் சேர்த்து விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். இது மிக ஆபத்தானது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருக்கிறது. உடல் தாங்கும் நிலையில் உள்ளவர்கள் ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்தும் பன்னிரண்டு மணி நேர மாத்திரைக்கு மாற முடியுமா என்று ஷஃபானிலேயே மருத்துவரைக் கேளுங்கள். ஆலிமையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளி குணமான பிறகோ, இறந்த பிறகோ மீதமாகும் மாத்திரைகளை யாரும் நினைப்பதில்லை. தமிழ்நாட்டில் டேபன்டடால் மாத்திரையை இளைஞர்கள் பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையைச் செய்தித்தாள்களில் பார்க்கிறோம். இறந்தும் போகிறார்கள். வாய்வழி மாத்திரையில் சேர்த்திருக்கும் மாவுப் பொருள்கள் நுரையீரலின் நுண்ணிய குழாய்களை அடைத்துவிடும். காவல்துறை பிடிப்பதெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து மொத்தமாக வருபவை. ஆனால் முதல் அட்டை பாட்டியின் மருந்துப் பெட்டியிலிருந்தும் வரலாம். மீதியைக் கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுங்கள். அதற்கு வழியில்லை என்றால் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் இவ்வகை மருந்துகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. நல்ல எண்ணத்தோடுகூட இன்னொரு நோயாளிக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒருவருக்கு அளந்த அளவு மற்றவரைக் கொன்றுவிடும்.

வீட்டிலேயே கிடையாகக் கிடப்பவர்களுக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலி நிவாரணச் செவிலியர்களின் உதவியை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பழக்கத்திலிருந்து மீள விரும்புகிறவர்கள் 14446 என்ற தேசிய உதவி எண்ணையும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

எங்கள் பங்கு

பில்லைக் கொண்டுவந்தால் பணம் கொடுப்பது, இதுதான் எங்கள் பழைய முறை. நோயாளியின் ஏழ்மையைச் சரிபார்த்தோம், பில் அசலா என்று சரிபார்த்தோம். பில்லில் என்ன மருந்து, எத்தனை, எத்தனை காலமாக என்று பார்க்கவில்லை. ஜகாத்தும் சதகாவுமாகச் சேர்ந்த பணத்தில் ஒரு சகோதரியின் நோயை நாங்களே வளர்த்திருக்கிறோம். இதை எழுதத்தான் வேண்டுமா என்று நிர்வாகக் குழுவில் சிலர் கேட்டார்கள். எழுதுவது என்று முடிவானது. இப்போது வலி மருந்துக்கான உதவிக்கு அந்த மாதத்துச் சீட்டின் அசலைக் கேட்கிறோம். மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், எழுதிய மருத்துவரிடமே குறிப்பு வாங்கி வரச் சொல்கிறோம். சமுதாயத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் மாதம் ஒருநாள் எல்லாச் சீட்டுகளையும் பார்த்துத் தருகிறார். நோயாளியை அலைக்கழிக்கிறோம் என்ற குறை வந்தது. மார்ஃபின் எழுதப்பட்ட முற்றிய நோயாளிகளுக்கு மட்டும் இந்த மூன்று மாதக் கணக்கை எடுத்துவிட்டோம். அவர்களை அலையவிடுவது பாவம்.

அந்தச் சகோதரிக்கு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. வலிப்புத் தடுப்பு மருந்தின் துணையோடு சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். மனநல மருத்துவரையும் பார்க்கிறார். நடுவில் ஒருமுறை பழைய கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் கொடுக்காமல் எங்களுக்குப் போன் செய்தார். இப்போது நாளுக்கு இரண்டு மாத்திரையில் நிற்கிறது. கணவர் வாரம் ஒருமுறை கடையை அரை நாள் அடைத்துவிட்டு அவருடன் மருத்துவமனைக்கு வருகிறார்.

பெரியவருக்கு ஹஜ்ரத் பேசிய நாளிலிருந்து நான்கு மணிக்கு ஒருமுறை மாத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி கேட்டார். அதற்குப் பிறகு பதினோரு வாரம் இருந்தார். நாற்காலியில் அமர்ந்தபடி தொழுதார், பேத்தியின் நிக்காஹ்வுக்குப் பந்தலில் வந்து உட்கார்ந்தார். கடைசி நாள்வரை ஒருமுறைகூடக் கூடுதலாக ஒரு மாத்திரை கேட்கவில்லை என்று மகன் சொன்னார். கத்தம் முடிந்த மறுநாள், மீதமிருந்த இருபத்திரண்டு மாத்திரைகளை நோட்டோடு கொண்டுவந்து எங்கள் அலுவலக மேசையில் வைத்தார். மருத்துவமனையில் திருப்பிக் கொடுக்க அவருடன் நாங்களும் போனோம்.